பத்தொன்பதரைச் சுற்று

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. துறைமுகச் சிக்னல் ஸ்டேஷனில் முப்பத்தாறு வருஷம் மோர்ஸ் தட்டிய இந்த வலதுகை ஆட்காட்டி விரலைத் தூக்கிச் சத்தியம் செய்கிறேன். ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் இந்த விரல் மரத்துப்போகட்டும். இதே விரலை வைத்து இதற்கு முன்பும் சில சத்தியங்கள் செய்ததுண்டு. விரல் இன்னும் அசைகிறது, வந்து பார்த்துக்கொள்ளலாம்.

தூத்துக்குடிக்குத் தெற்கே வெள்ளாமொழி என்று ஓர் ஊர். ஊர் முடிகிற இடத்தில் உப்பளம் தொடங்கும். உப்பளம் முடிகிற இடத்தில் கடல். அங்கே மோட்டார் வைண்டிங் கடை வைத்திருந்தவன் ஐகோர்ட்துரை. பெயரைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். எங்கள் பக்கத்தில் ஐகோர்ட் மகாராஜா என்றே ஒரு சாமி உண்டு, அந்தச் சாமிக்கு நேர்ந்துகொண்டு பிறந்த பிள்ளைகளுக்கு இப்படித்தான் பெயர் அமையும். அவன் எந்தக் கோர்ட்டு வாசலையும் மிதித்தவன் இல்லை. விசாரணை எல்லாம் வீட்டில்தான்.

விசாரிக்கிறவள் அவன் மனைவி சண்முகக்கனி. உப்பளத்தில் வேலை செய்கிற பெண்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. மொத்தம் நாற்பத்து மூன்று பேர், கனிதான் தலைவி. எதைக் கேட்டாலும் அவள் வாயிலிருந்து முதலில் வருவது "முடியாது". என்ன விஷயம் என்று அதற்குப் பிறகுதான் விசாரிப்பாள். விசாரித்துவிட்டு மறுபடியும் "முடியாது" என்பாள்.

அந்த வருஷம் அவளுடைய "முடியாது"க்கு ஒரு பெரிய வேலை வந்தது. சென்னையிலிருந்து ஒரு கம்பெனி, உப்பளம் முழுவதையும் எடுத்து இறால் பண்ணை போடுவதற்கு வந்திருந்தது. பண்ணைக்கு ஆறு ஆட்கள் போதும். மீதி முப்பத்தேழு பேர் எங்கே போவார்கள் என்று கம்பெனியின் வண்ணப் புத்தகத்தில் எழுதியிருக்கவில்லை. புதன்கிழமை காலை பதினொரு மணிக்குக் கல்யாண மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். ஊர் வேண்டாம் என்று சொன்னால் பண்ணை வராது. சரி என்று சொல்லிவிட்டால் வந்துவிடும். கனி பொங்கலிலிருந்தே குரலைத் தீட்டி வைத்திருந்தாள்.

ஐகோர்ட்டின் கவலை வேறு. அவனும் நானும் அமெச்சூர் ரேடியோக்காரர்கள். அதாவது, வீட்டில் ரேடியோ கட்டி, லைசன்ஸ் வாங்கி, முகம் தெரியாத ஆட்களோடு பேசுகிற கூட்டம். மற்றவர்கள் எல்லாம் சின்ன அலைகளில் பேசிக்கொண்டிருக்க, ஐகோர்ட்டுக்கு நூற்று முப்பத்தாறு கிலோஹெர்ட்ஸில்தான் பேச வேண்டும். அங்கே ஒரு அலையின் நீளமே இரண்டு கிலோமீட்டருக்கு மேல். அதில் கால்வாசி உயரத்துக்காவது ஆண்டெனா நின்றால் நல்லது. எங்களிடம் இருந்தது ஒரு பனைமரமும், சுற்றாத காற்றாடி பம்பின் கோபுரமும். இரண்டுக்கும் நடுவில் ஒரு கம்பி. இவ்வளவு குட்டையான கம்பிக்குள் சக்தியை ஏற்ற வேண்டுமானால் பெரிய சுருள் வேண்டும். சுருளைச் சுற்ற அகலமாக ஏதாவது வேண்டும். வீட்டில் ஒரு நீல டிரம் இருந்தது.

"ஏங்க, நல்ல தண்ணி பிடிக்கிற டிரம்முல கம்பியச் சுத்தி வச்சிருக்கீங்களே, இனி தண்ணிய உங்க தலையிலயா பிடிக்க?"

"கனி, கொஞ்சம் கேளு. ஒரு குடம் எண்ணெ இருக்கு. அத வாய் குறுகுன பாட்டில்ல ஊத்தணும். அப்படியே கவுத்துனா என்ன ஆகும்?"

"தரையெல்லாம் எண்ணெ. நாந்தான் தொடைக்கணும்."

"நடுவுல ஒரு புனல் வச்சா?"

"உள்ள போவும்."

"அந்தப் புனல்தான் இது." அவன் கையில் எட்டு ஃபெரைட் வளையங்களை அடுக்கி, மேலே செம்புக் கம்பி சுற்றியிருந்தான். பழைய டி.வி.க்களின் கழுத்திலிருந்து கழற்றிய வளையங்கள். "மேட்சிங் டிரான்ஸ்ஃபார்மர். ரேடியோதான் குடம், ஆண்டெனாதான் பாட்டில். சுத்து சரியா அமையலேன்னா அனுப்புனது பூரா எங்கிட்டயே திரும்பி வந்துரும்."

"நான் சொல்லுததும் உங்க காதுல பட்டு எங்கிட்டயேதான் திரும்பி வருது. அதுக்கு எத்தன சுத்து சுத்தணும்?"

"அதுக்கு இன்னும் கண்டுபிடிக்கல கனி."

சுற்றின் எண்ணிக்கைதான் நாலு வருஷமாக எங்களை ஆட்டிவைத்தது. பத்தொன்பது சுற்று சுற்றினால் கொஞ்சம் திரும்பி வந்தது. இருபது சுற்றினாலும் கொஞ்சம் திரும்பி வந்தது. ஒரு சனிக்கிழமை காலையில் ஐகோர்ட் என்னைப் பார்த்து, "அண்ணாச்சி, பத்தொம்பதரை" என்றான்.

"ஏல, வளையத்துல அரைச் சுத்து கிடையாது. கம்பி உள்ள நுழைஞ்சா ஒண்ணு, நுழையலேன்னா இல்ல. சின்னப் பிள்ளைக்கும் தெரியும்."

"தெரியும் அண்ணாச்சி. சுத்திட்டேன்."

எப்படிச் சுற்றினான் என்று என்னைக் கேட்கக் கூடாது. கம்பி வளையத்துக்குள் போனதை இந்தக் கண்ணால் பார்த்தேன். வெளியே வந்ததைப் பார்க்கவில்லை.

ரேடியோவைப் போட்டான். திரும்பி வருகிற சக்தியைக் காட்டுகிற முள் சரசரவென்று இறங்கிப் பூஜ்யத்தைத் தொட்டது. அங்கேயே நிற்காமல் பூஜ்யத்துக்குக் கீழே போய் ஆணியில் சாய்ந்துகொண்டது.

"பிரமாதம்" என்றான் ஐகோர்ட்.

"பிரமாதம்" என்றேன் நான்.

இந்த இடத்தில் எங்கள் கூட்டத்தின் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். ரேடியோவில் ஒருவர் எப்படிக் கேட்கிறார் என்று நாங்கள் மதிப்பெண் கொடுப்போம். முழு மதிப்பெண் ஐந்து ஒன்பது ஒன்பது. எல்லாருக்கும் எப்போதும் அதுதான் கொடுப்போம். "ரொம்பத் தெளிவாகக் கேட்கிறது, ஐந்து ஒன்பது ஒன்பது. உங்கள் பெயர் என்ன, ஊர் என்ன, சொன்னது எதுவும் விளங்கவில்லை, திரும்பச் சொல்லுங்கள்." எங்கள் பேச்சில் யாரும் யாரையும் மறுத்து நான் கேட்டதில்லை. அதனால்தான் அந்தச் சனிக்கிழமை ஊரில் என்ன நடக்கிறது என்று எங்கள் இரண்டு பேருக்கும் மத்தியானம் வரை தெரியவில்லை. நாங்கள் எப்போதும்போல ஒத்துப் பேசிக்கொண்டிருந்தோம்.

மத்தியானம் கனி சோறு கொண்டுவந்தாள். ஐகோர்ட் பழக்க தோஷத்தில், "கனி, இன்னொரு டிரம் இருந்தா நல்லாருக்கும்" என்றான்.

"எடுத்துக்கிடுங்க" என்றாள் கனி.

அவன் கையிலிருந்த கவளம் சட்டையில் விழுந்தது.

"சட்டையத் தொவைக்கணும்" என்றான்.

"குடுங்க, தொவைச்சுத் தாரேன்."

நான் எழுந்து ஊருக்குள் போய்ப் பார்த்தேன். மீன் ஏலத்தில் முதல் ஆள் கேட்டதும் எல்லாரும் தலையாட்ட, ஏலம் கூறுகிறவர் அடுத்த சொல் தெரியாமல் நின்றார். மினி பஸ்ஸில் ஒருவர் "நிறுத்துங்க" என்றால் டிரைவர் நிறுத்துகிறார், இன்னொருவர் "எடுங்க" என்றால் எடுக்கிறார். மூன்று கிலோமீட்டருக்கு முக்கால் மணி நேரம், ஒருவர் முகத்திலும் கோபம் இல்லை. டீக்கடையில் இருபது வருஷமாகச் சண்டை போடுகிற இரண்டு கட்சிக்காரர்கள் ஒருவர் சொன்னதை ஒருவர் ஏற்றுக்கொண்டு கட்சி மாறிவிட்டார்கள். இவர் அந்தக் கட்சி, அவர் இந்தக் கட்சி. மறுபடி பேசினார்கள், மறுபடி மாறினார்கள். அன்றைக்கு டீக்கடையில் பட்ட ஆனந்தத்தை நான் எந்தத் திருவிழாவிலும் பட்டதில்லை. "ஓசியில ஒரு டீ" என்றேன். கொடுத்தார்கள்.

திரும்பி வந்து சொன்னேன். ஐகோர்ட் முள்ளைப் பார்த்தான், உப்பளத்தைப் பார்த்தான்.

"அண்ணாச்சி, நம்ம எர்த்துக் கம்பி உப்புத் தண்ணியில கிடக்கு. அதே உப்புத் தண்ணிதான் ஊருக்கு அடியிலயும் ஓடுது. ஊரு பூரா நம்ம எர்த்துல நிக்கி. புனல் ரொம்ப நல்லா அமைஞ்சுபோச்சு."

"அதனால?"

"ஒருத்தர் சொல்லுதது அடுத்தவருக்குள்ள அப்படியே இறங்கிருது. ஒண்ணும் திரும்பி வரல. ரேடியோவுலேருந்து அலை வெளிய போற நேரத்துக்கு மட்டுந்தான்."

"ஆஃப் பண்ணுவோமா?"

"பண்ணலாம் அண்ணாச்சி. நாளைக்குச் சாயங்காலம்" என்றான். ரேடியோ ஓடிக்கொண்டிருந்ததால் நானும் சரி என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அணைத்தான். ஊர் கொஞ்ச நேரம் கண்ணைத் தேய்த்துக்கொண்டு நின்றது. பிறகு இரண்டு நாள் பாக்கிச் சண்டையை ஒன்றாகப் போட்டது.

கனி மட்டும் சண்டை போடவில்லை. திங்கட்கிழமை காலையில் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஐகோர்ட்டைப் பார்க்காமல் என்னிடம்தான் பேசினாள்.

"அண்ணாச்சி, இவரு கேட்டதுக்கெல்லாம் ரெண்டு நாளா சரி சரின்னேன். உள்ளுக்குள்ள முடியாதுன்னு கத்திக்கிட்டேதான் இருந்தேன். வாய்க்கு வரும்போது சரின்னு வந்துச்சு. யாரோ என் வாய்க்குள்ள பாய விரிச்சுப் படுத்துக்கிட்ட மாதிரி. எனக்குப் பயமா இருக்கு. புதங்கெழம அந்த மேனேஜர் முன்னால இப்படி ஆச்சுன்னா?"

ஐகோர்ட் எழுந்து நின்றான். எனக்குத் தெரிந்து அவன் அவளுக்காக எழுந்து நின்றது அதுதான் முதல் தடவை.

"புதங்கெழம போடவே மாட்டேன் கனி. சத்தியம்."

அன்று மத்தியானமே அவனுக்குச் சோதனை வந்தது. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஒரு தீவில் மேக்னஸ் என்று ஒரு கலங்கரை விளக்கக்காரர். நாலு வருஷமாக ஐகோர்ட்டின் அலைக்காகக் காத்திருந்தவர். அவர் ஈமெயில் போட்டிருந்தார். அவருடைய ஆண்டெனா தொங்குகிற பழைய இரும்புக் கம்பத்தைப் புதன்கிழமை விடிந்ததும் இறக்குகிறார்களாம். அவர் ஊரில் விடிகிற நேரம் நமக்குப் பதினொன்றரை மணி. அதற்குள் பேசினால் உண்டு, இல்லையென்றால் இந்தப் பிறவியில் இல்லை.

ஐகோர்ட் அந்த ஈமெயிலைக் கனியிடம் காட்டினான்.

"முடியாது" என்றாள் கனி.

"காலையில ஆறு மணிக்குத் தொடங்கி..."

"முடியாது."

"பத்தரைக்குள்ள அணைச்சிருவேன்."

"பத்து."

"பத்தேகால்."

"நாலு வருசமா அந்த மனுசனும் காத்துக் கிடக்காரேன்னுதான் விடுதேன். பத்தேகாலுக்கு மேல அந்த மிசினு மூச்சு விட்டுச்சு, டிரம்மோட உங்களையும் சேத்துக் கடல்ல உருட்டிருவேன்."

புதன்கிழமை காலை ஆறு மணிக்கு ஐகோர்ட் அழைத்தான். இந்த அலையில் தூரத்துக்குப் பேச வேண்டுமானால் மோர்ஸை மெதுவாகத் தட்ட வேண்டும். மெதுவாக என்றால், ஒரு புள்ளி ஒரு நிமிஷம். ஒரு எழுத்து முடிவதற்குள் ஒரு இட்லி அவித்து எடுத்துவிடலாம். எதிராளியின் புள்ளி காதில் கேட்காது, கம்ப்யூட்டர் திரையில் வெள்ளைக் கோடாக ஊர்ந்து வரும். வெயில் ஏறிவிட்டால் இந்த அலை அவ்வளவு தூரம் போகாது என்று புத்தகம் சொல்கிறது. அரைச் சுற்று இல்லை என்றும் அந்தப் புத்தகம்தான் சொன்னது.

எட்டு மணி வாக்கில் திரையில் கோடு வந்தது. மேக்னஸ். ஐகோர்ட் என் தோளைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி குதித்தான். இரண்டு பேரும் ஐந்து ஒன்பது ஒன்பது கொடுத்துக்கொண்டார்கள். சொன்னால் சொன்னபடி பத்தேகாலுக்கு எல்லாம் முடிந்தது.

"நீங்க மண்டபத்துக்குப் போங்க அண்ணாச்சி. ரெண்டு புள்ளி மட்டும் போட்டு அணைச்சிட்டு வாரேன்."

"சரி, போட்டுட்டு வா" என்றேன்.

தப்பு இங்கேதான் நடந்தது. எங்கள் கூட்டத்தைத் தவிர வேறு எவனும் இந்தத் தப்பைச் செய்யமாட்டான். மோர்ஸில் பேசி முடித்ததும் இரண்டு புள்ளி தட்டுவோம். பஸ் ஏறுகிறவர் ஜன்னல் வழியாகக் கையசைப்பது போல. எதிராளியும் இரண்டு புள்ளி தட்டுவார். அவர் தட்டிவிட்டாரே என்று இவர் இன்னொரு தடவை. இவர் தட்டிவிட்டாரே என்று அவர். கடைசிக் கையசைப்பை வாங்கிக்கொண்டு பதில் சொல்லாமல் போவது, சாப்பிட்ட வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லாமல் செருப்பு மாட்டுவதற்குச் சமம். சாதாரண மோர்ஸில் இது அரை விநாடி விளையாட்டு. ஒரு புள்ளிக்கு ஒரு நிமிஷம் என்றால்?

மண்டபத்தில் கூட்டம் சரியாகப் பதினொரு மணிக்குத் தொடங்கியது. மேடையில் விசாரணை அதிகாரியம்மா, பக்கத்தில் எழுத்தர், அந்தப் பக்கம் கம்பெனி மேனேஜர் கிரிதரன். அவர் திரை போட்டு இறால் படம் காட்டினார். காட்டி முடித்துக் கையைக் குவித்தார். "ஊருக்கு நல்லது நடக்கும். பண்ணை வரட்டுங்களா?"

"வரட்டும்" என்றது மண்டபம்.

நாற்பத்து மூன்று பெண்களும் சொன்னார்கள். கனியும் சொன்னாள். நானும் சொன்னேன். உள்ளே நான் "இல்லை, இல்லை" என்று அலறியதை என் விலா எலும்பு கேட்டிருக்கும்.

எழுத்தர் குனிந்து எழுதினார். சரியாக ஒரு நிமிஷம். பிறகு கனி விருட்டென்று எழுந்தாள். "எழுதாதீங்க! அது நாங்க சொன்னதில்ல!"

"அம்மா, என் காதால கேட்டேனே."

"காதுல கேட்டா ஆச்சா? நாங்க..."

"எல்லாரும் அமைதியா உக்காருங்க" என்றார் மேனேஜர். எல்லாரும் உட்கார்ந்தோம். இரண்டாவது புள்ளி தொடங்கியிருந்தது.

அது முடிந்ததும் கனி என் நாற்காலிக்கு வந்தாள். குரல் தாழ்ந்திருந்தது, பல்லைக் கடித்திருந்தாள்.

"அண்ணாச்சி, அங்க என்ன ஓடுது?"

"ரெண்டு புள்ளியா இருக்கும் தாயி."

"ஒரு புள்ளி எவ்வளவு நேரம்?"

"ஒரு நிமிசம். நடுவுல ஒரு நிமிசம் சும்மா. அப்புறம் அந்த வெள்ளைக்காரரு ரெண்டு புள்ளி போடுவாரு. அதுக்கு ஒரு அஞ்சு நிமிசம்."

"அதோட முடிஞ்சிரும்லா?"

"அவரு போட்டா இவன் திரும்பப் போடணும்லா."

"எதுக்கு?"

"மரியாதைக்கு."

"எப்பத்தான் முடியும்?"

"ரெண்டு பேருல ஒருத்தருக்கு மரியாதை தீரணும்."

கனி என்னைப் பார்த்த பார்வையில் ஒரு பாத்தி உப்பு காய்ந்திருக்கும். போன் பண்ணினோம். ரேடியோவில் இருக்கும்போது ஐகோர்ட் போன் எடுக்கமாட்டான், அதுவும் ஒரு மரியாதை. வரப்பு வழியாக ஓடினால் கடைக்கு இருபது நிமிஷம். எனக்கு முட்டி வலி.

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அடுத்த புள்ளிக்குக் கொஞ்சம் முன்னால் மேடைப் பக்கம் போய்ப் பேசத் தொடங்கினாள். மூச்சு விடாமல் பேசினாள். கேட்கிறவர்களுக்குத்தானே வாய் போகும், பேசுகிறவளுக்குப் போகாது என்று கண்டுபிடித்துவிட்டாள். அவள் பேசும்போது நடுவில் புகுந்து பேசக்கூடிய ஆள் வெள்ளாமொழியில் இன்னும் பிறக்கவில்லை.

"...அதனால மேனேஜர் சார், இந்தப் பண்ணை வேண்டாம்னு உங்க கைப்பட எழுதி, கீழ கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

புள்ளி தொடங்கியிருந்தது. "சரிங்கம்மா" என்று மேனேஜர் எழுதினார். கையெழுத்துப் போட்டார். நடுநிமிஷம் வந்ததும் தன் கையெழுத்தைத் தானே பார்த்து வாய் பிளந்தார். அவர் வாயை மூடுவதற்குள் அடுத்த புள்ளி. "அதிகாரியம்மா, முத்திர போடுங்க" என்றாள் கனி. முத்திரை விழுந்தது. காகிதம் கனியின் கைக்கு வந்தது.

பெண்கள் குலவை போட்டார்கள். நான் நாற்காலி மேல் ஏறிக் கைதட்டினேன். முட்டி வலி நினைவுக்கு வரவில்லை.

மேனேஜர் மட்டும் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார். "என்னன்னு தெரியலம்மா" என்றார் மெதுவாக. "உள்ள மாட்டேன் மாட்டேன்னு கத்திக்கிட்டேதான் இருந்தேன். கை பாட்டுக்கு எழுதிடுச்சு. பயமா இருக்கு."

கனியின் சிரிப்பு நின்றது. காகிதத்தைப் பார்த்தாள், அவர் கையைப் பார்த்தாள். சர்ரென்று நாலாகக் கிழித்தாள்.

"அக்கா!" என்று அலறினாள் முன்வரிசையில் இருந்த எஸ்தர். "கெடச்சதக் கிழிச்சிட்டியே!"

"அது அவரு சொன்னதில்லடி. நமக்குப் பண்ணுனத நாம அவருக்குப் பண்ணிட்டு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு முடியாதுன்னு சொல்ல?" மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தாள். "எந்திரிங்க எல்லாரும். நாலு நிமிசம் இருக்கு, இது நம்ம வாயி. பேரு சொல்லு, முடியாதுன்னு சொல்லு, உக்காரு. வேற ஒரு வார்த்த பேசக் கூடாது."

"அப்பா பெயரும் சொல்லணும்மா" என்றார் எழுத்தர்.

"அவுங்க கூட்டத்துக்கு வரல சார், நீங்க எழுதுங்க. சண்முகக்கனி, முடியாது!"

"எஸ்தர், முடியாது!"

"பூவம்மாள், முடியாது!"

தலைக்கு ஐந்தரை விநாடி. சங்கத்துப் பெண்கள் உப்பு வாருகிற வேகத்தில் சொன்னார்கள். மேனேஜர் இரண்டு தடவை எழுந்து எதிர்த்துப் பேச வாய் திறந்தார். திறக்கட்டும் என்றுதான் கனி விட்டாள், இடம்தான் கிடைக்கவில்லை. ஒருத்திக்கு இருமல் வந்து எட்டு விநாடி போயிற்று. அடுத்தவள் மூன்றே விநாடியில் முடித்து ஈடுகட்டினாள். எழுத்தரின் பேனா தீர்ந்தது, அதிகாரியம்மா தன் பேனாவைத் தூக்கிப் போட்டார்.

நாற்பத்திரண்டு முடிந்தது. நாற்பத்து மூன்றாவது ஆள் லில்லிபுஷ்பம். எழுந்து நின்றதும் மண்டபமே தலையில் கைவைத்தது. அவளிடம் மணி என்ன என்று கேட்டால், அவள் கல்யாணத்துக்குக் கடிகாரம் வாங்கிய கதையிலிருந்து தொடங்குவாள். கடிகாரத்தில் ஆறு விநாடி இருந்தது.

லில்லிபுஷ்பம் தொண்டையைக் கனைத்தாள். முந்தானையைச் சரிசெய்தாள்.

"லில்லிபுஷ்பம்" என்றாள். கொஞ்சம் யோசித்தாள். "முடியாது."

தானே அதிர்ந்துபோய் உட்கார்ந்துவிட்டாள். புள்ளி தொடங்கியது. மண்டபத்தில் கடைசியாக விழுந்த சொல் அந்த "முடியாது". மேனேஜர், அதிகாரியம்மா, எழுத்தர், இறால் படம் ஓட்டிய ஆள், எல்லாரும் ஒரே குரலில் "சரி" என்றார்கள். அந்தச் "சரி"யை எழுத வேண்டாம் என்று கனி தடுத்துவிட்டாள். முன்னால் எழுதிய "வரட்டும்" என்பதையும் அடிக்கச் சொன்னாள். நாற்பத்து மூன்று போதும் என்றாள். போதும்தான், கூட்டம் முடிந்தது.

கடைக்கு நாங்கள் போனபோது ஐகோர்ட் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். கனி வாசலில் இடுப்பில் கைவைத்து நின்றாள். அவன் திரும்பாமலே சொன்னான்.

"ஒரு புள்ளிதான் வந்துச்சு கனி. இன்னொண்ணு வரல."

தீவில் விடிந்துவிட்டது. கம்பத்தை இறக்க ஆட்கள் வந்துவிட்டார்கள். மேக்னஸ் பாதி கையசைத்தபோது கை கீழே விழுந்துவிட்டது.

கனி திட்டுவதற்கு இழுத்து வைத்திருந்த மூச்சை மெதுவாக விட்டாள். ஸ்டூலை இழுத்துப்போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவளும் திரையைப் பார்த்தாள்.

"வராதா?"

"வராது." ரேடியோவை அணைத்தான். "கூட்டம் என்ன ஆச்சு?"

அவள் சொன்னாள். சொல்லச் சொல்ல அவன் முகம் வெளுத்தது, பிறகு சிவந்தது, பிறகு லில்லிபுஷ்பம் வந்த இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்து முடிந்ததும் கும்பிட்டான்.

"அந்த அரைச் சுத்த அவுத்துருங்க" என்றாள் கனி.

"சரி கனி."

அவள் சந்தேகமாக ரேடியோவைப் பார்த்தாள். "அணைச்சாச்சா?"

"அணைச்சாச்சு."

"அப்ப எதுக்குக் கேட்ட உடனே சரிங்கீங்க? எனக்குப் பகீர்னு இருக்கு."

"டிரம்மயும் வேணும்னா எடுத்துக்க கனி."

"ஐயோ, அண்ணாச்சி, இவருக்கு இறங்கல போலிருக்கே!"

"ஏல, மறுத்து ஏதாவது சொல்லு" என்றேன்.

ஐகோர்ட் நெற்றியைச் சுருக்கி யோசித்தான். "அரைச் சுத்த அவுப்பேன். டிரம்மத் தர முடியாது."

"அப்படிச் சொல்லுங்க" என்று கனி நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். பிறகு டிரம்மின் ஒரு பக்கத்தைப் பிடித்து இழுத்தாள். அவன் மறுபக்கத்தைப் பிடித்து இழுத்தான். வாசலில் நாற்பத்திரண்டு பெண்களும் சுற்றி நின்று, பாதிப் பேர் அவளுக்கும் பாதிப் பேர் அவனுக்கும் குலவை போட்டார்கள்.

நேற்று வெள்ளாமொழி இறால் பண்ணைக்குப் போய் அரைக் கிலோ வாங்கி வந்தேன், நன்றாகத்தான் இருக்கிறது. விரலும் நன்றாகத்தான் அசைகிறது.